குதிரை மருத்துவ ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படும் பிள்ளையின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் குதிரைகளுக்கான மருத்துவ ஆராய்ச்சிதான் என்று பிடிவாதமாக நிற்கிறாள், அதற்கான படிப்பு எங்கே இருக்கிறது, அது பின்னால் சோறு போடுமா என்று கேட்டிருந்தீர்கள்.

பிளஸ் டூ முடித்ததும் சேர்வதற்கு அப்படியொரு தனிப் படிப்பு கிடையாது. மாட்டு டாக்டரோ நாய் டாக்டரோ குதிரை டாக்டரோ, எல்லாருக்கும் வாசல் ஒன்றுதான்: பி.வி.எஸ்ஸி. அண்ட் ஏ.எச். என்ற கால்நடை மருத்துவப் பட்டம். பயிற்சிக் காலமும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் பிளஸ் டூ கட்-ஆஃப் பார்த்துச் சேர்க்கிறார்கள். அகில இந்திய ஒதுக்கீட்டில் வரும் 15 சதவீத இடங்களுக்கு மட்டும் நீட் மதிப்பெண். நீட் எழுதி வைக்கட்டும். வேப்பேரியோ நாமக்கல்லோ கிடைக்காமல் வடக்கே ஹிசாரிலோ லூதியானாவிலோ இடம் கிடைத்தால் வருத்தப்பட வேண்டாம். குதிரைகள் அந்தப் பக்கம்தான் அதிகம்.

படிக்கும் காலத்தில் அவள் பெரும்பாலும் பார்க்கப்போவது மாடு, ஆடு, கோழி, நாய். இதை இப்போதே சொல்லிவிடுங்கள். குதிரையைத் தவிர வேறு எதையும் தொட மாட்டேன் என்பவளுக்கு இந்தப் படிப்பு சரிவராது.

ஆராய்ச்சி என்றதும் வெள்ளைக் கோட்டும் ஆய்வகமும் அவள் மனதில் வந்திருக்கலாம். க்ளினிக்கல் ரிசர்ச் நடப்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில், நோயாளிக் குதிரைக்குப் பக்கத்தில். கோலிக் எனப்படும் வயிற்று வலியை எடுத்துக்கொள்ளுங்கள். குதிரைகளைக் கொல்வதில் முன்னால் நிற்பது இது. வலி வந்த குதிரை முன்னங்காலால் தரையைப் பறிக்கும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், படுத்துப் புரளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பை உப்பிக்கொண்டே போனால் கிழிந்துவிடும். அதனால் மூக்கு வழியாகக் குழாய் விட்டு உள்ளே இருப்பதை வெளியேற்றுவார்கள். நாடி பார்த்து, ஈறின் நிறம் பார்த்து, ஆசனவாய் வழியாகக் கை விட்டுக் குடலைத் தடவிப் பார்த்து, வயிற்று நீரை ஊசியில் எடுத்து, குடலுக்கு ரத்தம் போகாவிட்டால் ஏறும் லாக்டேட்டின் அளவும் பார்ப்பார்கள். அப்புறம்தான் அறுவை சிகிச்சையா, மருந்தே போதுமா என்ற முடிவு.

ஆராய்ச்சியாளரின் கேள்வி அங்கேதான் பிறக்கிறது. இந்த அளவுகளில் எதை வைத்து, இந்தக் குதிரை பிழைக்கும் என்று முன்கூட்டியே சொல்லலாம்? அதற்கு வருகிற ஒவ்வொரு குதிரைக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு வந்தாலும், ஒரே முறையில் அளந்து எழுத வேண்டும். உரிமையாளரிடம் சம்மதம் வாங்க வேண்டும். அவருக்குத் தன் குதிரை ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும், உங்கள் ஆய்வு தெரியாது. ஆறு மாதம் கழித்துப் போன் போட்டு, குதிரை இருக்கிறதா, பழையபடி ஓடுகிறதா என்று கேட்டால், சிலர் விற்றிருப்பார்கள், சிலர் நம்பரை மாற்றியிருப்பார்கள். ஓர் ஆஸ்பத்திரியில் சேரும் குதிரைகள் குறைவு என்பதால் பல ஆஸ்பத்திரிகள் கைகோத்தால்தான் எண்ணிக்கை தேறும். ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கப் பல வருடங்கள் ஆகலாம். இதைச் சலிக்காமல் செய்கிற குணம் வேண்டும். குதிரை மேல் பிரியம் மட்டும் போதாது.

ஆனால் இந்த உழைப்பு எவ்வளவு அவசியம் என்பதற்கு பார்பரோவின் கதையைச் சொல்ல வேண்டும். 2006இல் அமெரிக்காவின் பெரிய குதிரைப் பந்தயமான கென்டக்கி டெர்பியை வென்ற குதிரை அது. இரண்டே வாரத்தில் அடுத்த பெரிய பந்தயத்தில் வலது பின்னங்கால் நொறுங்கியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் சென்டரில் எலும்பைப் பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்துச் சேர்த்தார்கள். எலும்பு கூடி வந்தது. ஆனால் உடல் எடை நல்ல காலில் இறங்கியதில் அதன் குளம்புக்குள் லேமினைடிஸ் வந்தது. குளம்பையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கும் திசு அழற்சியால் விட்டுப்போகிற நோய் இது. 2007 ஜனவரியில் குதிரையைக் கருணைக் கொலை செய்தார்கள். கை தேர்ந்த அறுவை நிபுணர்கள் இருந்தும் லேமினைடிஸை வெல்ல முடியவில்லை. அந்த நோயை ஆராயப் பணம் திரண்டதும் அதன் பிறகுதான். உங்கள் மகள் போக நினைக்கும் இடம் இப்படிப்பட்டது.

இனி சோறு. இங்கே உள்ளதை மறைக்காமல் சொல்கிறேன். 2012 கணக்கெடுப்பில் ஆறேகால் லட்சமாக இருந்த நம் நாட்டுக் குதிரைகள் 2019இல் சுமார் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. குதிரைக்கென்று மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் ஹிசாரில் 1985 முதல் இயங்குகிறது. பிகானேரில் அதன் கிளை வளாகம் உண்டு. குதிரைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி தயாரித்தது, மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோயைக் கண்டறிவது எல்லாம் அங்கே நடக்கிறது. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். அது தவிர ரேஸ் கிளப்புகள், குதிரைப் பண்ணைகள், குதிரை ரத்தத்திலிருந்து பாம்புக்கடி மருந்து எடுக்கக் குதிரை வளர்க்கும் நிறுவனங்கள், ராணுவத்தின் கால்நடைப் பிரிவு ஆகியவற்றில் டாக்டர் வேலை உண்டு. எதுவுமே அமையாவிட்டாலும் பட்டம் வீணாகாது. அரசு கால்நடை உதவி மருத்துவர் வேலையும் சொந்த க்ளினிக்கும் இருக்கின்றன. எனக்கு இந்த வழியில் நம்பிக்கை வருவது இதனால்தான்.

வெளிநாடு என்றால், எம்.வி.எஸ்ஸி. என்ற மேற்படிப்பில் மெடிசினோ சர்ஜரியோ முடித்துவிட்டுப் போவது நல்லது. அமெரிக்காவில் குதிரைக்கு வைத்தியம் பார்க்க நம் பட்டம் மட்டும் போதாது, தகுதிச் சான்றும் உரிமத் தேர்வும் உண்டு. பிறகு இன்டர்ன்ஷிப், மூன்று வருட ரெசிடென்சி என்ற நிபுணர் பயிற்சி. ஒன்றை மனதில் வையுங்கள். குதிரை ஆராய்ச்சிக்குப் பெரும் பணம் ரேஸ் உலகத்திலிருந்தும் கொடையாளர்களிடமிருந்தும் வருகிறது. அது வற்றினால் நிறுவனமே மூடப்படும். இங்கிலாந்தின் நியூமார்க்கெட் அருகே பல பத்தாண்டுகள் இயங்கிய அனிமல் ஹெல்த் டிரஸ்ட் 2020இல் அப்படித்தான் மூடியது. ஒரே இடத்தை நம்பி எல்லாத் திட்டத்தையும் போடச் சொல்ல மாட்டேன்.

பெண் பிள்ளைக்கு அவ்வளவு பெரிய மிருகம் சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள். அரை டன் குதிரையை எந்த ஆணும் பலத்தால் பிடித்து நிறுத்துவதில்லை. கம்பிக் கூண்டில் நிறுத்தி, மயக்க ஊசி போட்டு, எங்கே நின்றால் உதை விழாது என்று தெரிந்து நிற்கிறார்கள். அதெல்லாம் பழகினால் வருவது.

இந்த விடுமுறையில் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்து டாக்டரிடம் கேட்டு, சில வாரம் காலை நேரத்தில் அவளை அங்கே அனுப்புங்கள். அப்புறம், கணக்குப் பாடத்தை அவள் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். க்ளினிக்கல் ரிசர்ச்சுக்குப் புள்ளியியல் இல்லாமல் முடியாது. நம் பிள்ளைகள் பலர் தடுமாறுவது அதில்தான்.