நிதியமைச்சராக இருந்தவருக்கு ஏஐ நிறுவனத்தில் என்ன வேலை?

ஜார்ஜ் ஆஸ்பர்ன் கோடிங் எழுதப் போகவில்லை. 2010 முதல் 2016 வரை பிரிட்டன் நிதியமைச்சராக இருந்தவர், 2025 டிசம்பரில் ஓப்பன்ஏஐ-யில் (சாட்ஜிபிடி நிறுவனம்) சேர்ந்தது, மற்ற நாட்டு அரசுகளோடு பேசும் பிரிவை நடத்த. ஏஐ ஓடுவது டேட்டா சென்டர் எனும் பெரிய கணினிக் கூடங்களில். அதைக் கட்ட நிலம், மின் இணைப்பு, அனுமதி மூன்றும் வேண்டும். எந்த மேஜையில் கோப்பு நிற்கும் என்பது ஆறு வருஷம் நிதியமைச்சகத்தில் இருந்தவருக்கு அத்துப்படி.

பதவி விட்டு இரண்டு வருஷம் அரசிடம் கம்பெனிக்காகப் பரிந்து பேசக்கூடாது என்பது அங்கே விதி. ஆஸ்பர்னுக்கு அந்தக் கெடு எப்போதோ முடிந்தது. 2024 ஜூலையில் பிரதமர் பதவி விட்ட ரிஷி சுனக் (இவரும் முன்னாள் நிதியமைச்சர்தான்) 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட், ஆந்த்ரோபிக் (இன்னொரு ஏஐ நிறுவனம்) ஆலோசகரானபோது, அந்தத் தடை எழுத்திலேயே வந்தது. ஆனால் அதை விதித்த, முன்னாள் அமைச்சர்களின் புது வேலைகளை ஆராய்ந்த குழுவுக்கு, மீறுபவரைத் தண்டிக்கும் அதிகாரம் இருக்கவில்லை; 2025 அக்டோபரில் அந்தக் குழுவே கலைக்கப்பட்டது.