ஃபிஃபாவுக்குப் புகார் அனுப்பலாமா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. மாநிலக் கால்பந்து அணியின் முதல் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது காரணம் சொல்லாமல் நீக்கிவிட்டார்கள். சங்கத்தில் கேட்டால் பதில் இல்லை. ஃபிஃபாவுக்கு எழுதினால் இந்தியாவுக்கே தடை வரும், அப்போதுதான் இவர்கள் பயப்படுவார்கள் என்கிறார் அவளுடைய பயிற்சியாளர். எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் இது அங்கே தட்ட வேண்டிய கதவு அல்ல.

ஃபிஃபாவை எல்லா நீதிமன்றங்களுக்கும் மேலான நீதிமன்றமாகப் பலர் நினைக்கிறார்கள். அது உலகக் கால்பந்தை நிர்வகிக்கும், சுவிஸ் சிவில் சட்டப்படி சூரிச்சில் இயங்கும் ஒரு சங்கம். 211 தேசியக் கூட்டமைப்புகளே அதன் உறுப்பினர்கள். ஆட்டக்காரர்களோ பெற்றோரோ அல்ல. எல்லை தாண்டும் விஷயங்களில் அதன் அதிகாரம் அவசியமானது. வெளிநாட்டுச் சிறுவர்களை விதியை மீறிச் சேர்த்ததற்காக 2014இல் பார்சிலோனா கிளப்பையே தண்டித்தது. ஆனால் ஒரு மாநில அணியில் யார் ஆடுவது என்பதை சூரிச் முடிவு செய்யக் கூடாது, செய்யவும் செய்யாது.

தடையை விரும்புகிறவர்கள் 2022 ஆகஸ்டை நினைத்துப் பார்க்க வேண்டும். தேர்தல் நடத்தாமல் இழுத்தடித்த அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை நடத்த உச்ச நீதிமன்றம் ஒரு நிர்வாகக் குழுவை நியமித்திருந்தது. கூட்டமைப்பை வெளியார் நடத்துவது மூன்றாம் தரப்புத் தலையீடு என்று சொல்லி ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. தேர்தலைத் தள்ளிப்போட்டவர்களுக்கு அதனால் என்ன நட்டம்? ஆசிய மகளிர் கிளப் போட்டிக்காக கோகுலம் கேரளா அணியின் பெண்கள் அப்போதுதான் தாஷ்கண்டில் போய் இறங்கியிருந்தார்கள். ஓர் ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார்கள். அக்டோபரில் இந்தியாவில் நடக்கவிருந்த 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையும் ஊசலாடியது. உச்ச நீதிமன்றம் அந்தக் குழுவைக் கலைத்த பிறகே, ஆகஸ்ட் 26 அன்று, தடை நீங்கியது. உங்கள் மகளைப் போன்ற பெண்கள் மீதுதான் அந்த அடி விழுந்தது.

இன்றே மாநிலச் சங்கச் செயலாளருக்கு எழுதுங்கள். தேர்வு விதிமுறை, முதல் பட்டியல், இறுதிப் பட்டியல், நீக்கியதற்கான காரணம் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நகல் ஒன்று அகில இந்தியக் கூட்டமைப்புக்குப் போகட்டும். போட்டி நெருங்கிவிட்டதால் உயர் நீதிமன்றத்தை அணுகுவது பற்றி ஒரு வழக்கறிஞரிடமும் உடனே பேசுங்கள். யார் திறமைசாலி என்று நீதிபதிகள் பொதுவாக அளக்கமாட்டார்கள். நடைமுறை மீறப்பட்டதா, பாரபட்சம் இருந்ததா என்று பார்ப்பார்கள். ஆகவே மகளின் ஆட்டத்தைப் புகழ்வதைவிட, எந்தத் தேதியில் என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுதித் தருவது அதிகம் உதவும். 2025இல் நிறைவேறிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் விளையாட்டுக்கெனத் தனித் தீர்ப்பாயத்துக்கு வழி செய்திருக்கிறது. அந்த வழி உங்களுக்குப் பொருந்துமா என்பதையும் அந்த வழக்கறிஞரிடமே கேளுங்கள்.

ஒன்றை மட்டும் மகளிடம் தனியாக, பொறுமையாகக் கேளுங்கள்: முகாமில் யாராவது அவளிடம் தவறாக நடந்தார்களா, அதற்கு இணங்காததால் பெயர் போனதா? ஆம் என்றால் சங்கத்தின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்; குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐயும் அழைக்கலாம். அப்போது ஃபிஃபாவுக்கும் எழுதுங்கள். வீராங்கனைகளைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கிய ஆப்கானிஸ்தான் கால்பந்துத் தலைவர் கெராமுதீன் கரீமுக்கு 2019இல் வாழ்நாள் தடை விதித்தது ஃபிஃபாவின் நெறிமுறைக் குழுதான்.