ஃபெர்ரமோன்தியும் ராப் தீவும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

முசோலினி பற்றிய உங்கள் குறிப்பில், இத்தாலிய முகாம்களைப் போகிறபோக்கில் ஹிட்லரின் முகாம்களோடு சேர்த்துவிட்டீர்கள். அது சரியில்லை என்று படுகிறது. தெற்கு இத்தாலியின் ஃபெர்ரமோன்தி முகாம் பற்றி ஓர் ஆவணப்படம் பார்த்தேன். அடைக்கப்பட்ட யூதர்கள் உள்ளேயே பள்ளிக்கூடம் நடத்தியிருக்கிறார்கள், கச்சேரி வைத்திருக்கிறார்கள், கல்யாணம்கூட நடந்திருக்கிறது. இதையும் ஆஷ்விட்ஸையும் ஒரே வாக்கியத்தில் வைக்கலாமா? அப்படிக் கொடுமை செய்திருந்தால் நியூரம்பெர்க் போல இத்தாலியர்களுக்கும் ஒரு விசாரணை நடந்திருக்குமே?

செ., திருப்பூர்

அன்புள்ள செ.,

கச்சேரி, பள்ளிக்கூடம், கல்யாணம் எல்லாம் உண்மைதான். ஆஷ்விட்ஸும் ஃபெர்ரமோன்தியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, ஆனால் அவசரமாக எழுதிய வாக்கியம், அப்படித் தொனித்திருக்கலாம். அதற்காக நீங்கள் என்னைக் கடிந்துகொண்டது நியாயமே.

ஆனால் ஃபெர்ரமோன்தியை வைத்து பாசிசத்துக்கு நற்சான்றிதழ் கொடுக்க முடியாது. இத்தாலி 1940 ஜூன் 10 அன்று போரில் குதித்தது. பத்தே நாளில், ஜூன் 20 அன்று, முதல் யூதர்களைக் கலாப்ரியா மாகாணத்தில் தார்சியா ஊருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். கொட்டகைகள் அப்போது கட்டி முடிந்திருக்கவில்லை. சதுப்பு நிலம், மலேரியா கொசு. அந்தச் சதுப்பை வடிய வைக்கும் வேலையை ஏற்கெனவே எடுத்திருந்த, ஆட்சிக்கு வேண்டிய ஒப்பந்தக்காரருக்கே முகாம் கட்டும் வேலையும் போனது (காண்ட்ராக்ட் கதை நமக்குப் புதிதா என்ன). மொத்தம் 92 கொட்டகைகள். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த ஜெர்மானிய, ஆஸ்திரிய, போலந்து யூதர்கள்தான் பெரும்பாலும் உள்ளே. அங்கே கச்சேரி நடந்தது என்றால் அதை நடத்தியவர்கள் அந்தக் கைதிகள். கண்டுகொள்ளாமல் விட்டது ஓரளவு இளகிய மனசுள்ள ஒரு கமாண்டர். இதில் ரோமில் உட்கார்ந்திருந்த ஆட்சியின் கருணை எங்கே வருகிறது?

அவர்கள் பிழைத்ததற்கு இன்னொரு காரணம் வரைபடம். 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தது. தெற்கிலிருந்து முன்னேறி வந்த பிரிட்டிஷ் படை 14-ம் தேதி ஃபெர்ரமோன்தியை அடைந்துவிட்டது. வடக்கே இருந்தவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே ஜெர்மானியர்கள் புகுந்தார்கள், முசோலினியை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தார்கள், நவம்பர் 30 அன்று யூதர்கள் அனைவரையும் பிடித்து அடைக்கச் சொல்லி இத்தாலிய உள்துறையே உத்தரவு போட்டது. யார் வீடு எங்கே என்று தேடி அலைய வேண்டியதில்லை. 1938-லேயே யூதர்களைத் தனியாகக் கணக்கெடுத்து வைத்திருந்தார்கள். ஃபெர்ரமோன்தியிலிருந்து வடக்கத்திய ஊர்களுக்கு மாற்றப்பட்டு, வாடகை அறையில், போலீஸ் கண்காணிப்பில் ‘சுதந்திரமாக’ இருந்தவர்களும் இதில் சிக்கினார்கள். மாற்றல் கிடைத்த அன்று சந்தோஷப்பட்டிருப்பார்கள், பாவம். பிடிபட்டவர்களில் பலர் ஃபோஸ்ஸோலி முகாமுக்குப் போனார்கள். 1944 பிப்ரவரி 22 அன்று அங்கிருந்து கிளம்பிய ரயிலில் 650 பேர். அதில் ஒருவர், பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற பிரிமோ லெவி. அந்த ரயில் போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ். ஆக, அந்த இரண்டு பெயர்களையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்தது நான் மட்டுமல்ல, ஒரு தண்டவாளமும்தான்.

இதெல்லாம் ஜெர்மானியர்கள் வந்த பிறகு நடந்தது என்று நீங்கள் சொல்லலாம். சரி, அப்போ ராப் தீவுக்கு வாருங்கள்.

அட்ரியாட்டிக் கடலில், இன்றைய குரோஷியாவில் இருக்கிறது. அப்போது அது இத்தாலி பிடித்துவைத்திருந்த யூகோஸ்லாவியப் பகுதி. 1942 ஜூலையில் இத்தாலிய ராணுவம் அங்கே ஒரு முகாம் திறந்தது. பார்த்திசான் கெரில்லாக்களுக்குச் சோறு போட்டதாகச் சந்தேகம் வந்தால் கிராமத்தையே காலி செய்து, கிழவிகள், கைக்குழந்தைகள் உட்பட, கொண்டுபோய்க் கூடாரத்தில் போட்டார்கள். ஸ்லோவேனியர்களும் குரோஷியர்களும் 10,000-க்கு மேல். அக்டோபர் கடைசியில் ஒரு ராத்திரி பெருமழை, வெள்ளம் கூடாரங்களை அடித்துக்கொண்டு போனது, உள்ளே குழந்தைகள். அதற்குப் பிறகு குளிர், பட்டினி, வயிற்றுப்போக்கு. பெயரோடு உறுதிசெய்யப்பட்ட சாவுகளே 1,400-ஐத் தாண்டும். கொட்டகை, கட்டில் எல்லாம் பிறகு அதே தீவுக்கு யூதர்களைக் கொண்டுவந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது. ஸ்லோவேனிய, குரோஷிய ஸ்லாவியர்களுக்குக் கூடாரம்தான். ஒரே தீவு, ஒரே ராணுவம்.

அந்த டிசம்பரில், விடுதலையாகி வருகிறவர்கள் எலும்பும் தோலுமாக இருக்கிறார்கள் என்று ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் இருந்த இத்தாலிய ஆணையரே புகார் அனுப்பினார். பாசிசக் கட்சிக்காரரே பொறுக்க முடியாமல் எழுதுகிறார் என்றால் பாருங்கள். அதற்கு அங்கிருந்த இத்தாலியப் படைப்பிரிவின் தலைவர் ஜெனரல் காம்பாரா தன் கைப்பட எழுதியது: முகாம் என்பது கொழுக்க வைக்கும் இடமில்லை, நோயாளி என்றால் அமைதியாகக் கிடப்பவன். சத்தம் போட்டுப் பேசிய வசனமில்லை இது, ஓர் அலுவலகக் கோப்பில் கிடக்கிற குறிப்பு. எனக்கு அந்தச் சாதாரணத்தன்மைதான் உறைக்கிறது.

இதற்கெல்லாம் முன்னோடி, இத்தாலியின் காலனியாக இருந்த லிபியா. 1930 முதல் 1933 வரை, உலகப் போர் எதுவும் இல்லாத காலத்தில், சிரெனைக்கா பகுதியின் நாடோடி மக்கள் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேரை ஆடு, ஒட்டகத்தோடு கிளப்பிப் பாலைவனத்தில் முள்வேலிக்குள் அடைத்தார்கள், பல்லாயிரம் பேர் செத்தார்கள். இத்தாலியர்களை எதிர்த்துப் போராடிய தலைவர் ஒமர் முக்தாரை 1931-ல் ஸுலூக்கில் தூக்கிலிட்டபோது முகாம் மக்களைக் கூட்டி வைத்துப் பார்க்கச் செய்தார்கள். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

விசாரணை ஏன் நடக்கவில்லை என்று கேட்டீர்கள். யூகோஸ்லாவியா பெயர்ப் பட்டியலோடு கேட்டுக்கொண்டேதான் இருந்தது. ஆனால் பனிப்போர் வந்துவிட்டது, கம்யூனிஸ்ட் டீட்டோவிடம் இத்தாலிய ஜெனரல்களைப் பிடித்துக் கொடுக்க லண்டனுக்கோ வாஷிங்டனுக்கோ மனமில்லை. ராப் முகாம் இருந்த பகுதியின் ராணுவத் தலைவர் ஜெனரல் ரொவாத்தா, ‘பல்லுக்குப் பல் அல்ல, பல்லுக்குத் தலை’ என்று 1942 மார்ச்சில் சுற்றறிக்கை விட்டவர். 1945 மார்ச்சில், வேறொரு வழக்கில் விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, ரோமில் ஒரு ராணுவ மருத்துவமனையிலிருந்து நடந்தே வெளியேறிவிட்டார். போய்ச் சேர்ந்தது ஃபிராங்கோவின் ஸ்பெயின். பல வருஷம் கழித்து நாடு திரும்பி, 1968-ல் ரோமில் இறந்தார்.