களிமண் முற்றமும் செயற்கைப் புல்லும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டின் பின்முற்றம் முழுவதும் களிமண். மழை விட்டு இரண்டு மூன்று நாட்கள் ஆன பிறகும் தண்ணீர் வற்றுவதில்லை. நட்ட புல்லும் வேரழுகிப் போகிறது. செயற்கைப் புல் விரித்துவிட்டால் அதன் அடியிலுள்ள துளைகள் வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும், பிறகு சேறே இருக்காது என்று விற்பனையாளர் உறுதியளிக்கிறார். நம்பலாமா?

பதில்: துளைகளைப் பற்றி அவர் சொல்வது உண்மைதான், எவ்வளவு கனமான மழையானாலும் விரிப்பு தண்ணீரைத் தடுக்காமல் கீழே விட்டுவிடும். துளையைக் கடந்த தண்ணீர் அதற்குப் பிறகு எங்கே போகும் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். களிமண்ணின் துகள் 0.002 மி.மீ.க்கும் சிறியது என்பதால், துகள்களுக்கு இடையிலுள்ள நுண்துளைகளும் அதற்கேற்பச் சிறியவை. மணற்பாங்கான மண் ஒரு மணி நேரத்தில் 30 மி.மீ.க்கு மேல் தண்ணீரை உறிஞ்சும்போது, களிமண் 1 முதல் 5 மி.மீ. வரைதான் உறிஞ்சுகிறது. நூறு சதுர மீட்டர் முற்றத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் சேரும் தண்ணீர் 5,000 லிட்டர். மணிக்கு 2 மி.மீ. வீதம் இறங்கினால் அது வற்றவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். கூரையிலிருந்து வழியும் தண்ணீரும் அங்கேயே விழுந்தால் கணக்கு இன்னும் மோசமாகும்.

ஆகவே களிமண்ணின் மேல் நேரடியாக விரித்தால் சேறு கண்ணுக்கு மறையுமே தவிர, அகலாது. மிதிக்கும்போது விரிப்புக்கு அடியில் சொதசொதவென்று இருக்கும். நுண்ணிய வண்டல் மேலெழுந்து துளைகளை அடைக்கும். மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் வகைக் களிமண்ணாக இருந்தால், தரை மேடுபள்ளமாகி விரிப்பின் இணைப்புகள் விலகவும் கூடும்.

முறையாகச் செய்வதென்றால், முதலில் 10 முதல் 15 செ.மீ. ஆழத்துக்குக் களிமண்ணைத் தோண்டி எடுக்க வேண்டும். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்: தோண்டிய அடித்தளத்தைச் சமமாக விட்டுவிட்டு, மேலே கொட்டும் ஜல்லியில் மட்டும் வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) கொடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் நீங்கள் வெட்டியது வடிகால் அல்ல, ஜல்லி நிரப்பிய தொட்டி. மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. வாட்டம், வீட்டுச் சுவரிலிருந்து விலகிச் செல்லும் திசையில், களிமண் தளத்திலேயே அமைய வேண்டும். அதன் மேல் ஜியோடெக்ஸ்டைல் எனப்படும் வடிகட்டித் துணியை விரித்து, தூள் கலக்காத ஜல்லியை நிரப்பி இறுக்க வேண்டும். கிரஷர் தூளை, அதாவது கல் உடைக்கும்போது கிடைக்கும் கல்தூளைக் கொட்டினால் தளம் வழவழப்பாக அமையும் என்பதற்காக அதைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. ஆனால் தடிப்பாகப் போட்டு இறுக்கினால் அதுவே தண்ணீரைத் தடுக்கும். மட்டம் செய்வதற்கு மேலே மெல்லிய அடுக்காகச் சிறு ஜல்லி போதும்.

ஜல்லியின் இடைவெளி அதன் கொள்ளளவில் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடு. எனவே 10 செ.மீ. தடிப்புள்ள அடுக்கு 30 முதல் 40 மி.மீ. மழையைத் தற்காலிகமாகத் தாங்கிக்கொள்ளும். அதற்குள் அந்தத் தண்ணீர் வெளியேற, தாழ்வான ஓரத்தில் ஒரு கால்வாய் வெட்டி, துளையிட்ட குழாயைத் துளைகள் கீழ்நோக்கி இருக்குமாறு பதித்து, சுற்றிலும் ஜல்லி போட்டு மழைநீர் வடிகாலுக்கோ தாழ்வான நிலத்துக்கோ கொண்டு செல்ல வேண்டும். கழிவுநீர்க் குழாயில் இணைக்கக் கூடாது. அண்டை வீட்டு நிலத்துக்குத் திருப்பிவிடவும் கூடாது. உறிஞ்சு குழி வெட்டலாமா என்றால், களிமண்ணுக்குக் கீழே மணலோ சரளையோ உள்ள அடுக்கு வரை அது எட்டினால்தான் பயன் உண்டு.

இத்தனையும் செய்த பிறகு முற்றத்தைக் காய வைப்பது வாட்டமும் ஜல்லியும் குழாயும்தான். செயற்கைப் புல் அவற்றின் மேல் கிடக்கும் விரிப்பு மட்டுமே. அந்த வேலைகளைச் செய்துவிட்டால் இயற்கைப் புல்லும் அங்கே பிழைக்கக்கூடும் என்பதால், விரிப்பை வாங்கும் முடிவைக் கடைசிக்குத் தள்ளிப்போடுவது நல்லது. முதல் வேலையாக, ஒரு கனமழையின்போது தண்ணீர் எங்கிருந்து வந்து சேருகிறது என்று நின்று கவனியுங்கள். கூரைக் குழாய் முற்றத்தில் கொட்டுவதாகத் தெரிந்தால் அதைத் திருப்பிவிடுவதே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். பிறகு 30 செ.மீ. ஆழக் குழி ஒன்று தோண்டி, தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் நிரப்பி மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். மணிக்கு 25 மி.மீ.க்கும் குறைவாக இறங்கினால் குழாய் வடிகால் இல்லாமல் காரியம் ஆகாது.

கேள்வி: தோண்டுவதற்குப் பதிலாகக் களிமண்ணில் மணலைக் கலந்துவிட்டால் என்ன?

பதில்: வேண்டாம். களிமண்ணின் தன்மையை மாற்ற, கலவையில் பாதிக்கு மேல் மணலாக இருக்க வேண்டும். அதற்குக் குறைவாகக் கலந்தால் காய்ந்ததும் மண் முன்பைவிடக் கெட்டிப்படும். இயற்கைப் புல் வளர்ப்பவர்கள் மக்கிய உரத்தை 5 முதல் 8 செ.மீ. தடிப்பில் பரப்பி, மேல்மண்ணில் 15 செ.மீ. ஆழத்துக்குக் கொத்திவிடலாம். களிமண்ணை இளக்குவதற்காகச் சிலர் போடும் ஜிப்சம் என்ற கனிமம் எல்லாக் களிமண்ணுக்கும் மருந்தன்று. சோடியம் மிகுந்த மண்ணில்தான் அது வேலை செய்யும்; ஆகவே மண் பரிசோதனைக்குப் பிறகே அதற்குச் செலவு செய்யுங்கள்.

கேள்வி: முற்றத்தின் நடுவில் பெரிய மரம் ஒன்று உள்ளது. அதைச் சுற்றியும் செயற்கைப் புல் விரிக்கலாமா?

பதில்: மரத்துக்கு உணவூட்டும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே இருக்கும். அங்கே 15 செ.மீ. தோண்டுவது அவற்றை வெட்டுவதாகும். அதன் மேல் ஜல்லியைக் கொட்டி இறுக்கினால் மிஞ்சிய வேர்களுக்கும் காற்று குறையும். கிளைகள் பரவிய எல்லை வரை விட்டுவிட்டு, அந்த இடத்தில் மரச் சில்லுகளை மூடாக்காக (மண்ணை மூடும் அடுக்காக) போடுங்கள். அடிமரத்தை ஒட்டி மட்டும் மூடாக்கைக் குவிக்காதீர்கள்.