வெள்ளிக்கிழமை வந்தால் ஊரே காலியாகிவிடுகிறது

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மலேசியாவில் பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவள். ஒரு செமஸ்டர் படிப்புக்காகத் திருகோணமலைக்கு வந்து, நிலாவெளி வீதிப் பக்கம் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். எனக்குக் கடலும் புதிதில்லை, தமிழும் புதிதில்லை. அதனால் இந்த ஊர் சீக்கிரமே ஒட்டிக்கொள்ளும் என்று நம்பித்தான் வந்தேன்.

வந்த புதிதில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கோணேசர் கோவில், கோட்டைக்குள் திரியும் மான்கள், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், புறாத்தீவு எல்லாம் பார்த்தாயிற்று. அம்மா அந்தப் படங்களைச் சொந்தக்காரர் எல்லாருக்கும் காட்டினார். இப்போது பார்க்க ஒன்றும் மிச்சமில்லை என்பது போல் இருக்கிறது. வாரநாட்கள் வகுப்பில் ஓடிவிடும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனதும் கூடப் படிக்கிறவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு மட்டக்களப்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பஸ் ஏறிவிடுகிறார்கள். அப்புறம் திங்கள் காலை வரை பேச ஆளில்லை. சனிக்கிழமை பாதி நாள் படுத்தே கிடக்கிறேன். உப்புவெளிக் கடற்கரைக்குப் போனால் வெளிநாட்டுப் பயணிகளுக்கு நடுவில் தனியாக நிற்கிறேன். உள்ளூர்க்காரர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஆறு மணியானால் வீட்டுக்கார அன்ட்டி போன் பண்ணி, "எங்க நிக்கிறீங்க பிள்ளை?" என்று கேட்கிறார். அக்கறைதான், ஆனால் மூச்சு முட்டுகிறது.

அப்பா கடன் வாங்கித்தான் அனுப்பினார். "நீ கொடுத்து வைத்தவள்" என்கிற அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? பாதியிலேயே திரும்பிவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன். நான் நன்றி கெட்டவளா அக்கா?

— பெயர் வெளியிட விரும்பாத மாணவி

அன்பான தங்கைக்கு,

இல்லை. நன்றி உள்ளவர்களுக்கும் தனிமை வரும். அப்பாவின் கடன் கண் முன்னால் நிற்பதால், சந்தோஷமாக இருப்பதும் உங்களுக்கு ஒரு கடமையாகிவிட்டது. கட்டாயத்தின் பேரில் யாருக்கும் சந்தோஷம் வராது. முதலில் அந்தப் பாரத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.

நீங்கள் இதுவரை பார்த்தது, விருந்தாளிகளுக்கு நாங்கள் காட்டுகிற திருகோணமலை. அது சீக்கிரம் தீர்ந்துபோகும். இனிமேல் புது இடம் தேடாதீர்கள். பார்த்த இடத்துக்கே, முடிந்தவரை ஒரே நேரத்தில், திரும்பத் திரும்பப் போங்கள். ராபர்ட் ஸாயொன்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் வெளியிட்ட ஆய்வு, அடிக்கடி கண்ணில் படுவதன் மேல் மனதுக்குத் தானாகவே ஒரு விருப்பம் உண்டாகிறது என்று காட்டியது. ஊருக்கும் இது பொருந்தும் என்பது என் அனுபவம். பழகப் பழக உங்களுக்கு ஊரைப் பிடிக்கும். ஊருக்கும் உங்களைப் பிடிக்கும். ஒரே கடையில் நாலைந்து தடவை பிளேன் டீ குடித்தவரை யாரும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை. "நேத்து காணேல்லையே" என்று கேட்பார்கள்.

உப்புவெளியில் தனித்து நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஹோட்டல்கள் அதிகம். கடற்கரையும் பயணிகளுக்கு ஏற்ற மாதிரியே நடக்கும். பின்னேரம் டவுனுக்கு வந்து டச்சுக் குடாக் கரையில் உட்காருங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாமார், பாய் விரித்துச் சாப்பிடும் குடும்பங்கள், கடலை விற்கிறவர்கள் என்று எங்கள் ஆட்கள் கூடுகிற கரை அது. அங்கே தனியாக உட்கார்ந்தாலும் தனிமை அவ்வளவு உறைக்காது. கோணேசர் கோவிலுக்கும் ஒருநாள் கமராவை வைத்துவிட்டுக் காலைப் பூசை நேரத்துக்குப் போங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் உங்களுக்கு மனம் இறங்கத் தொடங்குகிற நேரம். அதைப் பத்திரகாளி அம்மன் கோவிலுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். கோவிலில் நாட்டமில்லை என்றால் அதிகாலையில் கரைவலை இழுக்கிற இடம் எது என்று அன்ட்டியிடம் கேட்டு, அவரோடு போங்கள். சாம்பல்தீவு, சல்லிப் பக்கம் உங்களுக்குத் தூரமில்லை. இப்போது கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று வீசும் காலம், கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று தொடங்கினால் கடலின் குணம் மாறிவிடும். பட்டர்வொர்த் கடலை நினைத்துக்கொண்டு அப்போது இறங்கிவிடாதீர்கள்.

அன்ட்டியின் ஆறு மணி போனைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் அவர் வயதுப் பெண்கள் பலருக்கு, பிள்ளை வெளியே போய்விட்டால் திரும்பி வரும்வரை உயிர் கையில் இருக்காது. 2004 டிசம்பர் 26 அன்று எங்கள் கரையோரக் கிராமங்களுக்குள் கடல் புகுந்தது. 2006 ஜனவரி 2ஆம் திகதி, பின்னேரம் கடற்கரையில் பேசிக்கொண்டிருந்த ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். டவுனில் இன்று எல்லாரும் காற்று வாங்குகிற அதே கடற்கரை வீதிதான். யுத்தம் 2009இல் முடிந்தது. பயம் அப்படித் திகதி பார்த்து முடிவதில்லை. அவர் உங்களைச் சந்தேகிக்கவில்லை தங்கச்சி. நீங்கள் திரும்பி வர வேண்டுமே என்று காத்திருக்கிறார். அதற்காக நீங்கள் அடைபட்டுக் கிடக்க வேண்டியதில்லை. அவர் கேட்க முன்னரே எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பிந்தினால் நீங்களே அழையுங்கள். அந்த ஆறு மணி கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். சனிக்கிழமை அவர் சந்தைக்குப் போகும்போது "நானும் வரட்டுமா?" என்று கேளுங்கள். பை தூக்க ஒரு ஆள் கிடைத்தால் எந்த அன்ட்டிக்கும் சந்தோஷம்தான்.

கூடப் படிக்கிறவர்கள் உங்களை வீட்டுக்கு அழைக்காததை ஒதுக்குகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டுப் பிள்ளை நம் வீட்டில் எப்படி இருக்கும், கிணற்றில் குளிக்குமா, சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்று யோசித்தே பலர் பேசாமல் இருந்துவிடுவார்கள். நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கிண்ணியாவிலோ மூதூரிலோ இருந்து வருகிற பிள்ளை ஒருவராவது வகுப்பில் இருப்பார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தப் பக்கம் போய் வருவது மிகவும் லேசு. ஒரு முறை ஒரு வீட்டில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டால், அடுத்த கிழமை அந்த வீட்டு உம்மாவே "மலேசியாப் பிள்ளை எங்கே?" என்று விசாரிப்பார்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டத் தேவையில்லை. அடுத்த முறை பேசும்போது, "சனி ஞாயிறில் இங்கே கொஞ்சம் தனியாக இருக்கிறதம்மா" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். ஊர் விட்டு வந்த பிள்ளை இப்படிச் சொல்வதைத் தாங்காத அம்மாக்கள் குறைவு.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். தூக்கமும் பசியும் கெட்டு, வாரநாட்களிலும் எதிலும் மனம் செல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், எனக்கு எழுதிக் காத்திருக்க வேண்டாம். திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

திரும்பிப் போகும் முடிவை சனிக்கிழமை படுக்கையில் கிடந்தபடி எடுக்காதீர்கள். ஒரு மாதம் இப்படி இருந்து பாருங்கள். அதற்குப் பிறகும் போகத்தான் வேண்டும் என்று பட்டால், அப்பாவோடு நேராகப் பேசி முடிவெடுப்போம். நானும் கூட இருப்பேன். எப்படிப் போகிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா