பம்பில் ஓடும் எண்ணும் உடலில் சேரும் மருந்தும்
வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்தக் குழாய் வழியாகச் செலுத்தப்படும் ரத்த அழுத்த மருந்துகளைப் பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து சில கடிதங்கள் வந்துள்ளன. ஒன்றுக்கொன்று தொடர்புடையவை என்பதால் அவற்றை இந்த இதழில் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவியதால் என் தந்தையார் ஐ.சி.யூ.வில் இருந்தார். அவருடைய எடை 60 கிலோ. பி.பி. ஏறுவதற்கான மருந்து பம்பில் முதல் நாள் 4.5 என்று ஓடியது, மறுநாள் 2.25 என்று இருந்தது. மருந்தைப் பாதியாகக் குறைத்துவிட்டீர்களா என்று கேட்டதற்கு, "குறைக்கவில்லை, டபுள் ஸ்ட்ரெங்த் போட்டிருக்கிறோம்" என்றார் செவிலியர். எங்களுக்கு விளங்கவில்லை.
– வாசகர், பாலக்கோடு

பதில்: செவிலியர் சொன்னது சரி. பம்பில் நீங்கள் பார்த்த எண், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மில்லி லிட்டர் திரவம் செல்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. அந்தத் திரவத்தில் எவ்வளவு மருந்து கரைந்திருக்கிறது என்பது அந்த எண்ணில் தெரியாது. உங்கள் ஊர்ப் பக்கம் தக்காளிக்குச் சொட்டுநீர் வழியாக உரம் விடுபவர்களுக்கு இது புதிய செய்தியன்று: தொட்டியில் எத்தனை கிலோ கரைத்தோம் என்பதை அறியாமல், வால்வு திறந்திருக்கும் அளவை மட்டும் பார்த்துச் செடிக்குப் போன உரத்தைச் சொல்ல முடியுமா?

தொற்றால் ரத்த அழுத்தம் சரியும்போது முதலில் தேர்ந்தெடுக்கப்படும் மருந்து நார்அட்ரினலின். இதன் அளவை நோயாளியின் ஒவ்வொரு கிலோ எடைக்கும், ஒவ்வொரு நிமிடத்துக்கும் எத்தனை மைக்ரோகிராம் என்று குறிப்பார்கள். உங்கள் தந்தையாருக்கு 0.1 மைக்ரோகிராம் என்று முடிவு செய்திருந்தால், 60 கிலோவுக்கு நிமிடத்துக்கு 6, மணிக்கு 360 மைக்ரோகிராம் தேவை. 50 மில்லி சிரிஞ்சில் 4 மில்லிகிராம் மருந்தைக் கரைத்தால் ஒரு மில்லியில் 80 மைக்ரோகிராம் இருக்கும். ஆகவே மணிக்கு 4.5 மில்லி. அதே 50 மில்லியில் 8 மில்லிகிராம் கரைத்தால் ஒரு மில்லியில் 160 மைக்ரோகிராம்; ஆகவே 2.25 மில்லி. எண் பாதியானது, உடலில் சேர்ந்த மருந்து மாறவில்லை.

ஏன் அடர்த்தியைக் கூட்டினார்கள் என்றால், முதல் சிரிஞ்ச் சுமார் 11 மணி நேரத்தில் தீர்ந்துவிடும், இரண்டாவது 22 மணி நேரம் வரும். ஒவ்வொரு சிரிஞ்ச் மாற்றமும் இந்த மருந்தில் ஒரு கண்டம் என்பதால் அது பெரிய சௌகரியம். நோயாளிக்குள் போகும் நீரின் அளவும் குறைகிறது. ஆனால் அடர்த்தியை மாற்றிவிட்டுப் பம்பின் வேகத்தை மாற்ற மறந்தால், மருந்து ஒரே நொடியில் இரட்டிப்பாகிவிடும். ஒரே பிரிவில் ஒரு கட்டிலுக்கு ஓர் அடர்த்தி, அடுத்த கட்டிலுக்கு வேறோர் அடர்த்தி என்று வைத்துக்கொள்வதை நான் விரும்புவதில்லை. தவிர்க்க இயலாத இடத்தில், சிரிஞ்சின் மேல் ஒட்டும் சீட்டில் மருந்தின் பெயர், மொத்த மில்லிகிராம், மொத்த மில்லி, ஒரு மில்லிக்கு எத்தனை மைக்ரோகிராம், கரைத்த நேரம் ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். உறவினராகிய நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியும் "எத்தனை மில்லி ஓடுகிறது?" என்பதைவிட "கிலோவுக்கு எத்தனை மைக்ரோகிராம் போகிறது?" என்பதே.

கேள்வி: நான் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் செவிலியராக இருக்கிறேன். நார்அட்ரினலின் சிரிஞ்சை மாற்றும்போதெல்லாம் நோயாளியின் பி.பி. விழுந்து, பிறகு தாறுமாறாக ஏறுகிறது. கைத்தவறு எங்கே?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: கைத்தவறு என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம், மருந்தின் இயல்பு அப்படி. ரத்தத்தில் நார்அட்ரினலின் பாதியாகக் குறைய இரண்டு மூன்று நிமிடங்களே போதும். பழைய சிரிஞ்சைக் கழற்றி, புதியதைப் பொருத்தி, பம்பின் தள்ளுகோல் சிரிஞ்சின் பிடியில் பொருந்தி அழுத்தத் தொடங்குவதற்குள் அந்த நேரம் ஓடிவிடுகிறது. எனவே மற்றொரு பம்பில் புதிய சிரிஞ்சை முன்கூட்டியே ஏற்றி, நோயாளியோடு இணைப்பதற்கு முன் குழாயின் நுனியில் திரவம் வரும் வரை பம்பையே ஓடவிட்டு, பிறகு இணைத்து, அழுத்தம் சற்று ஏறத் தொடங்கியதும் பழைய பம்பைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். இரண்டாவது பம்ப் வாங்க நிர்வாகம் தயங்கினால், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் குறித்த அழுத்த எண்களை அவர்கள் முன் வையுங்கள்.

பிறகு "தாறுமாறாக ஏறுகிறது" என்றீர்களே, அங்கேதான் எனக்கு ஓர் ஐயம். அந்தக் குழாயின் வழியாகவே ஆன்டிபயாட்டிக்கையோ சலைனையோ தள்ளுகிறீர்களா? குழாயில் ஒரு மில்லி மருந்து நின்றிருந்தால், மேற்சொன்ன முதல் அடர்த்தியில் அது 80 மைக்ரோகிராம்; நிமிடத்துக்கு 6 என்று 13 நிமிடங்களில் போக வேண்டிய மருந்து சில நொடிகளில் இதயத்தை அடைகிறது. இந்த மருந்துக்கென்று தனி வழி ஒதுக்கி, அதில் வேறெதையும் செலுத்தக் கூடாது என்று குழாயிலேயே சீட்டு ஒட்டிவையுங்கள். மருந்து கையிலுள்ள ரத்தக் குழாய் வழியாக ஓடினால், பி.பி. பட்டையையும் அந்தக் கையில் கட்டக் கூடாது. பட்டை இறுகும்போது மருந்து தேங்கி, தளரும்போது மொத்தமாகப் பாயும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆம்பியூலில் "நார்அட்ரினலின் பைடார்ட்ரேட் 2 மி.கி." என்று அச்சிட்டிருந்தால் அதிலுள்ள நார்அட்ரினலின் ஏறத்தாழ 1 மி.கி. மட்டுமே, மீதி உப்பின் எடை. ஒருவர் உப்பைக் கணக்கிட்டு, அடுத்த ஷிப்டில் வருபவர் நார்அட்ரினலினை மட்டும் கணக்கிட்டால், இருவரும் தத்தம் கணக்கில் பிழையில்லாமலே இருமடங்கு வேறுபடுவார்கள். எந்தக் கணக்கு என்பதை உங்கள் பிரிவின் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கைப்பட எழுதும்போது மைக்ரோகிராமைச் சுருக்காமல் முழுச் சொல்லாக எழுதுவதும், ".5" என்று விடாமல் "0.5" என்று எழுதுவதும், "5.0" என்பதை வெறும் "5" என்று எழுதுவதும் பத்து மடங்கு, ஆயிரம் மடங்குப் பிழைகளைத் தடுக்கும். இரண்டாவது செவிலியர் சரிபார்க்கும்போது உங்கள் விடையைப் பார்த்துத் தலையசைக்காமல் தாமே தனியாகக் கணக்கிட வேண்டும்.

மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் சராசரி அழுத்தத்தைப் பார்த்தே. பெரும்பாலோருக்கு 65 போதும்; 92/52 என்றால், 52உடன் வித்தியாசமான 40இல் மூன்றில் ஒரு பங்கைச் சேர்க்க, 65 வந்துவிடுகிறது. ஆர்ட்டீரியல் லைன் (அழுத்தத்தை இடைவிடாமல் அளக்கத் தமனிக்குள் வைக்கும் குழாய்) வைத்திருந்தால் அதன் அளவிடும் கருவி இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும், 10 செ.மீ. கீழே இறங்கினால் அழுத்தம் 7, 8 கூடுதலாகக் காட்டும், நீங்களும் அதை நம்பி மருந்தைக் குறைத்துவிடுவீர்கள்.

கேள்வி: என் மாமாவுக்குத் தலைவலியும் பார்வை மங்கலுமாக 230/130 இருந்தது. ஊசி மருந்தைத் தொடங்கிய மருத்துவர், ஒரு மணி நேரம் கழித்தும் 180க்குக் கீழே இறக்க மறுத்தார். இது அலட்சியமா?
– வாசகர், ஓசூர்

பதில்: அலட்சியம் இல்லை, நிதானம். நெடுநாள் உயர் அழுத்தத்துக்குப் பழகிய மூளையின் ரத்தக் குழாய்கள் அதற்கேற்பத் தம்மை இறுக்கிக்கொண்டிருக்கும். அழுத்தத்தைச் சட்டென்று 120க்குக் கொண்டுவந்தால் மூளைக்கும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போதாமல் போகும். 230/130 என்பதன் சராசரி 163. முதல் ஒரு மணி நேரத்தில் இதில் கால் பங்குக்கு மேல் குறைக்கக் கூடாது, அதாவது 122க்குக் கீழே போகக் கூடாது; அடுத்த 2 முதல் 6 மணி நேரத்தில் 160/100; இயல்பான அளவுக்கு வர ஒன்றிரண்டு நாள்கள். அழுத்தத்தைக் குறைக்கும் லேபெட்டலால் ஊசி என்றால் முதலில் 10 அல்லது 20 மில்லிகிராமை இரண்டு நிமிடங்களில் மெதுவாகச் செலுத்திவிட்டுக் காத்திருந்து பார்ப்பார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதைத் தவிர்ப்பார்கள். மகாதமனியின் சுவர் கிழிந்திருந்தால் மட்டும் கதை வேறு: இதயத் துடிப்பை அடக்கி, மேல் அழுத்தத்தை விரைவாக 120க்கு இறக்கியே ஆக வேண்டும். ரத்தக்கட்டியால் வந்த பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதாக இருந்தால் 185/110க்குக் கீழே. போடாவிட்டால் 220/120ஐத் தாண்டாத வரை பெரும்பாலும் தொடமாட்டார்கள்.

அழுத்தத்தைக் குறைக்கும் நிபெடிபின் மாத்திரையைக் கடித்து நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் பழைய வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. எந்த அளவுக்கு, எவ்வளவு வேகத்தில் இறங்கும் என்று யாராலும் கட்டுப்படுத்த முடியாத முறை அது. விட்டுவிடுங்கள்.

கேள்வி: இந்த மருந்துகளை வீட்டிலேயே டிரிப்பில் போட முடியுமா?
– வாசகி, ஊத்தங்கரை

பதில்: முடியாது. நிமிடத்துக்கு நிமிடம் அழுத்தத்தைக் கவனிக்கும் கருவியும் ஆளும் வீட்டில் இல்லை.

கேள்வி: என் அம்மாவுக்குக் கை நரம்பு வழியாக இந்த மருந்து ஓடியபோது, ஊசியைச் சுற்றித் தோல் வெளுத்துச் சில்லென்று ஆகிவிட்டது. நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்?
– வாசகர், அரூர்

பதில்: உடனே செவிலியரை அழைத்திருக்க வேண்டும், அழைத்தீர்கள் என்றே நம்புகிறேன். மருந்து நரம்புக்கு, அதாவது ஊசி ஏற்றிய ரத்தக் குழாய்க்கு, வெளியே கசிந்தால் அங்குள்ள சிறு குழாய்கள் சுருங்கித் திசு அழுகிப்போகக்கூடும். அவர்கள் மருந்தை வேறு வழிக்கு மாற்றி, ஊசியைப் பிடுங்காமல் அதன் வழியாகவே கசிந்ததை உறிஞ்சி எடுத்து, கிடைத்தால் சுருங்கிய குழாய்களை விரிக்கும் பென்டோலமைன் மருந்தைச் சுற்றிலும் செலுத்துவார்கள். அவசரத்தில் முழங்கை அருகே உள்ள பெரிய நரம்பில் சிறிது நேரம் ஓட்டுவது தவறன்று. அதற்குள் கழுத்தில் சென்ட்ரல் லைன் (இதயத்துக்கு அருகேயுள்ள பெரிய ரத்தக் குழாய் வரை செல்லும் குழாய்) தயாராக வேண்டும்.

கேள்வி: தருமபுரியிலிருந்து சேலத்துக்கு ஆம்புலன்ஸில் மாற்றும்போது பம்பை எப்படிக் கொண்டுபோவது?
– ஆம்புலன்ஸ் உதவியாளர், தருமபுரி

பதில்: பம்பைக் கம்பியில் உயரமாகத் தொங்கவிடாமல் நோயாளியின் நெஞ்சு மட்டத்தில் கட்டுங்கள், சட்டென்று உயர்த்தினால் மருந்து கூடுதலாகப் பாயும், தாழ்த்தினால் சிறிது நேரம் நின்றே போகும். பேட்டரி முழுதாக ஏறியிருக்கிறதா என்பதை வண்டி கிளம்பும் முன்பே மின்இணைப்பைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். மணிக்கு 4.5 மில்லி ஓடும்போது சிரிஞ்சில் 9 மில்லி இருந்தால் இரண்டு மணி நேரம் வரும்; சேலத்துக்கு அது தாராளம். ஆனால் தொப்பூர்க் கணவாயில் ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்து கிடந்தால் அந்தக் கணக்கு செல்லாது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதே அடர்த்தியில் கரைத்துச் சீட்டு ஒட்டிய இன்னொரு சிரிஞ்சை வாங்கிக்கொண்ட பிறகே கதவைச் சாத்துங்கள்.