அம்மாவுக்குத் தோளைத் தூக்க முடியவில்லை, ஃப்ரோசன் ஷோல்டர் என்கிறார்கள். சுளுக்கு வழித்தால் போதுமா, ஊசி போட வேண்டுமா?

சுளுக்கு வழிக்க வேண்டாம், அதுவும் இப்போது வேண்டவே வேண்டாம். அம்மாவுக்கு 54 வயது, மூன்று மாதமாக இடது தோள் வலி, ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை, ஆர்த்தோ டாக்டர் ஊசி என்கிறார், சொந்தக்காரர்கள் வழித்துவிடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி வலி இருக்கிறதென்றால் மூட்டுக்குள் அழற்சி இன்னும் அடங்கவில்லை. அந்த நேரத்தில் ஒருவர் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் வலி இரட்டிப்பாகும், எலும்பு பலவீனமாக இருந்தால் முறிந்தும் போகலாம்.

எனக்கும் இது வந்தது, அதே இடது தோள்தான், கூடவே சர்க்கரை. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியாது, முடியை அள்ளிக் கொண்டை போட முடியாது, முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோய் ஜாக்கெட்டைச் சரிசெய்ய முடியாது. வாயுப் பிடிப்பு, பூண்டைச் சுட்டுச் சாப்பிடு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். டாக்டர் என்னை உட்காரவைத்து, முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கச் சொல்லி, முன்கையை மட்டும் வெளிப்பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். வலது கை தாராளமாகப் போனது. இடது கை நேர் முன்னால் நீட்டிய இடத்திலேயே நின்றுவிட்டது, நான் திருப்பினாலும் நகரவில்லை, அவர் பிடித்துத் திருப்பினாலும் நகரவில்லை. அந்த இரண்டாவதைத்தான் அவர் கவனித்தார். தசைநார் கிழிந்திருந்தால் நம்மால்தான் தூக்க முடியாது, வேறொருவர் தூக்கிவிட்டால் பெரும்பாலும் கை மேலே போகும். இதில் யார் தூக்கினாலும் போகாது. எக்ஸ்ரே எடுத்தால் சுத்தமாக இருக்கும், தேய்மானம் மாதிரி வேறு எதுவும் இல்லையென்று உறுதிசெய்யத்தான் அதை எடுப்பது. எம்ஆர்ஐ பலருக்குத் தேவையே படாது.

உள்ளே நடப்பது இதுதான்: தோள் மூட்டைச் சுற்றி ஒரு சவ்வுப்பை உண்டு, கை எல்லாப் பக்கமும் சுழல அது தளர்வாக இருக்க வேண்டும். அதில் அழற்சி வந்து, தடித்து, முதல் சலவையில் சுருங்கிய பருத்திச் சட்டை மாதிரி ஆகிவிடுகிறது. ஏன் வருகிறது என்றால் பலருக்குக் காரணமே பிடிபடாது. ஆனால் 40 முதல் 60 வயதுக்குள் அதிகம், பெண்களுக்கு அதிகம், சர்க்கரையும் தைராய்டும் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். எலும்பு முறிவு, ஆபரேஷன் என்று கையை நாள்கணக்கில் அசைக்காமல் வைத்திருந்தாலும் வரும். நீங்கள் அம்மாவின் சர்க்கரை பற்றி எதுவும் எழுதவில்லை. ஊசிக்கு முன்னால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் தைராய்டையும் பார்த்துவிடுங்கள், சிலருக்குச் சர்க்கரை இருப்பதே தோள் வலிக்குப் போன இடத்தில்தான் தெரியவருகிறது.

இப்போது ஊசி. அது மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு. இந்த வலிக் கட்டத்தில்தான் அது நன்றாகக் கேட்கும், வலி போய் வெறும் இறுக்கம் மட்டும் நிற்கும் கட்டத்தில் அவ்வளவாகக் கேட்காது. ஆகவே போடுவதென்றால் தள்ளிப்போடாதீர்கள். எலும்பு கரைந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள், டாக்டர் அளவோடு ஒன்றிரண்டு போடுவதால் அப்படியெல்லாம் ஆகாது. ஆனால் சர்க்கரை இருந்தால் போட்டபின் சில நாள்களுக்கு எகிறும், எனக்கும் எகிறியது. குளுக்கோமீட்டரை அடிக்கடி பாருங்கள், மாத்திரை, இன்சுலின் அளவை மாற்ற வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசி போட்டுவிட்டு சும்மா இருந்தால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. வலி குறைந்திருக்கும் அந்தச் சில வாரங்களில்தான் பயிற்சி செய்ய வேண்டும். முதலில் ஒரு பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம். அப்புறம் நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைத் தொங்கவிட்டு மெதுவாகச் சின்ன வட்டம் போடுவது. மல்லாந்து படுத்து, இரண்டு கையிலும் ஒரு கம்பைப் பிடித்து, நல்ல கையால் தள்ளி மற்றக் கையை வெளிப்பக்கமாகத் திருப்புவது. சுவரில் விரல்களை மேலே நடத்திக்கொண்டு போவது. முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து இழுக்கும் பயிற்சியை ஆரம்பத்திலேயே செய்ய வேண்டாம், வலி அடங்கிய பிறகு பார்க்கலாம். செய்யும்போது இழுக்கிற மாதிரி இருக்கலாம், அது கொஞ்ச நேரத்தில் அடங்க வேண்டும். அன்று ராத்திரி வலி கூடினால் மறுநாள் அளவைக் குறையுங்கள். "வலிக்க வலிக்கச் செய்தால்தான் சரியாகும்" என்று சொல்லும் பிசியோதெரபிஸ்ட் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஆபரேஷன் பற்றி யாராவது பேச்செடுத்தால் அவசரப்படாதீர்கள். மயக்கம் கொடுத்துக் கையை அசைத்து விடுவிப்பது, துளை வழியாகச் சவ்வை வெட்டி விடுவிப்பது, ஊசியோடு முறையான பிசியோ, இந்த மூன்றையும் பிரிட்டனில் 500 பேருக்கு மேல் வைத்து ஒப்பிட்ட ஆய்வு 2020இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது எதுவும் மற்றதைவிடப் பெரிதாக மேல் என்று சொல்ல முடியவில்லை. மாதக்கணக்கில் முயன்றும் துளி அசையவில்லை என்றால் ஆபரேஷன் யோசிக்கலாம், மூன்றாம் மாதத்தில் அல்ல.

பொறுமைதான் பெரிய சிக்கல். முழுதாக அடங்க ஒன்று முதல் மூன்று வருடம்கூட ஆகும், சர்க்கரை இருந்தால் இன்னும் மெதுவாக. கடைசியில் கொஞ்சம் இறுக்கம் மிஞ்சலாம். அதே தோளில் திரும்ப வருவது அபூர்வம், மற்றத் தோளில் வரலாம்.

ஒன்று மட்டும்: இடது தோள் வலி திடீரென்று வந்து கூடவே வியர்வை, மூச்சுத்திணறல், நெஞ்சு அழுத்தம் இருந்தால் இதெல்லாம் பார்க்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். காய்ச்சலோடு தோள் வீங்கினாலும், கீழே விழுந்த பிறகு வலி தொடங்கியிருந்தாலும், கழுத்திலிருந்து விரல் வரை மரத்துப்போனாலும் டாக்டரிடம் உடனே காட்டுங்கள், அது வேறு விஷயமாக இருக்கலாம். மற்றபடி ராத்திரி படுக்கும்போது அந்தக் கைக்கு அடியில் ஒரு தலையணை வைத்துவிடுங்கள், கையைத் தூளி கட்டித் தொங்கவிட வேண்டாம், சமையல் மாதிரி வேலைகளை அவர் பாட்டுக்குச் செய்யட்டும், பரணிலிருந்து சாமான் எடுப்பது மட்டும் கொஞ்ச நாளைக்கு உங்கள் வேலை.